சேரும் மருந்தும் சேரா மருந்தும்



நம்மூரில் ஒருவர் மருத்துவமனையில் படுத்துவிட்டால், பார்த்துவிட்டு வந்தவர் முதலில் சொல்வது என்ன? “குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது” என்பதுதான். தலைமாட்டில் தொங்குவது எதுவாயினும் நமக்கு அது குளுக்கோஸ். நாம் பயில வந்திருக்கும் இந்த வங்கத்திலோ அதே பாட்டிலுக்குச் ‘சேலைன்’ என்று பெயர். தமிழன் எல்லாவற்றையும் சர்க்கரை நீர் என்கிறான். வங்காளி எல்லாவற்றையும் உப்பு நீர் என்கிறான். பாட்டிலின்மேல் எழுதியிருப்பதைப் படித்தவர் இருவரிலும் சிலரே.

இதில் என்ன கேடு வந்துவிடப் போகிறது என்று நானும் எண்ணியிருந்தேன். வேதியியல் முதுகலை வகுப்பில் அமர்ந்திருந்தும், அந்த எண்ணம் தவறென்பதை எனக்குக் கற்பித்தவர் பேராசிரியர் அல்லர். இரவுப் பணியில் இருந்த ஒரு செவிலியர்.

அந்த இரவு

சென்ற ஆண்டு மழைக்காலம். விடுதியில் என் அறைத் தோழன் இரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்தான். மூன்றாம் நாள் மாலை அவனைத் தாங்கிப் பிடித்துப் பல்கலைக்கழக மருத்துவ அறைக்குக் கொண்டு சென்றோம். சோர்வு தீர ஒரு பாட்டில் ஏற்றினார்கள். அது பாதி இறங்குமுன் அவனுக்கு வலிப்புக் கண்டது. கை, கால், தாடை எல்லாம் வெட்டி இழுத்தன. பாட்டிலும் குழாயுமாகவே ஆம்புலன்ஸில் ஏற்றி, நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றிற்கு விரைந்தோம். உடன் வந்தவர்கள் இருவர்: நானும், அடுத்த அறை வங்காள நண்பன் ஒருவனும்.

வலிப்பை உடனே அடக்க ஓர் ஊசி போட்டார் மருத்துவர். அது மீண்டும் வராமல் தடுக்க ஃபெனிட்டாயின் என்னும் மருந்தைச் சிரைவழி ஏற்றுமாறு எழுதிவிட்டு அடுத்த நோயாளியிடம் சென்றார். மருந்தோடு வந்த செவிலியர், “என்ன ஓடுகிறது?” என்று வங்க மொழியில் கேட்டார். “சேலைன்” என்றான் நண்பன். அதே நொடியில் “குளுக்கோஸ்” என்றேன் நான்.

அவர் எங்கள் இருவரையும் நம்பவில்லை. பாட்டிலை விளக்கொளிக்குத் திருப்பி, அதன்மேல் இருந்ததைப் படித்தார். ‘டெக்ஸ்ட்ரோஸ் 5 சதவீதம்’ என்றிருந்தது. உடனே குழாயிலிருந்த சிறு சக்கரத்தை உருட்டி அடைத்தார். அந்தக் குழாயையே கழற்றினார். கையிலிருந்த ஊசிவழியில் உப்பு நீரைச் செலுத்திக் கழுவினார். பின்னர் வேறொரு சிறிய உப்பு நீர்ப் பாட்டிலில் மருந்தைக் கலந்து, வடிகட்டி பொருத்திய புதுக் குழாயில் ஏற்றத் தொடங்கினார். இத்தனைக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கோ அது ஐந்து மணி நேரமாகத் தோன்றியது. “உயிர் போகிற வேளையில் பாட்டிலை மாற்றிக்கொண்டிருக்கிறாரே!” என்று தமிழில் முணுமுணுத்துவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். நாகர்கோவில் பக்கத்தவர் என்பது அவர் வாய் திறந்ததும் தெரிந்தது. “தம்பி, இந்த மருந்து அந்தத் தண்ணீரில் போகாது. பால் திரிந்த மாதிரி ஆகிவிடும். அது உங்கள் சிநேகிதன் இரத்தத்தில் போக வேண்டுமா?” என்றார்.

தோழனுக்கு வலிப்பு அடங்கிய பிறகு, குப்பியில் ஒட்டியிருந்த இரண்டொரு துளியை, கழற்றிய பாட்டிலிலிருந்து பிடித்த சிறிது சர்க்கரை நீரில் அவர் விட்டுக் காட்டினார். தெளிந்த நீர் சற்று நேரத்தில் மங்கி, வெண்மையாய்க் கலங்கிற்று. நான் சொன்ன ‘குளுக்கோஸ்’ சரியாகத்தான் இருந்தது. ஆனால் தெரிந்து சொன்னதன்று, வாய்ப்பழக்கத்தில் வந்தது. நண்பனின் ‘சேலைன்’ என்ற சொல்லைச் செவிலியர் நம்பியிருந்தால், அந்த வெண்கலங்கல் குழாய்க்குள்ளே நிகழ்ந்திருக்கும்.

பாட்டிலுக்குள் என்ன?

அன்று முதல் இதைப் படிக்கலானேன். படித்ததில் நமக்குப் பயன்படுவதைச் சொல்கிறேன்.

சிரைவழி ஏற்றும் நீர்மங்களுள் நாம் அடிக்கடி காண்பவை நான்கு. முதலாவது உப்பு நீர், ‘என்.எஸ்.’ என்பார்கள். ஒரு லிட்டரில் 9 கிராம் சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு, கரைந்திருக்கும். இரண்டாவது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ். மூன்றாவது இவ்விரண்டும் சேர்ந்த ‘டி.என்.எஸ்.’. நான்காவது ‘ஆர்.எல்.’ எனப்படும் ரிங்கர் லாக்டேட். இதில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், லாக்டேட் ஆகியவை உண்டு. நான்கும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெளிந்த நீரே. பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டால் எது எதுவென்று எவராலும் சொல்ல இயலாது.

இந்த நீர்மங்களின் வரலாற்றில் நம் நகருக்கும் ஓர் இடம் உண்டு. 1831இல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது, இருபது வயதைக் கடந்து சிறிதே ஆன ஓஷானெசி என்ற அயர்லாந்து இளைஞர் நோயாளிகளின் இரத்தத்தைப் பகுத்தாய்ந்து, அதில் நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டார். அவற்றைச் சிரைவழி ஈடுசெய்யலாம் என்றார். 1832இல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் அதைச் செய்தும் காட்டினார். ஓஷானெசி 1833இல் இந்தியாவிற்கு வந்து, பின்னர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார். சிரைவழி நீர் ஏற்றுவதற்கு வழிகாட்டியது ஒரு வேதியியல் ஆய்வே என்பதை நம் துறை மாணவர்கள் நினைவிற் கொள்க.

பால் திரிவது ஏன்?

பாலும் நல்ல பொருள். எலுமிச்சைச் சாறும் நல்ல பொருள். இரண்டும் சேர்ந்தால் பால் திரிகிறது. குற்றம் பாலிலும் இல்லை, எலுமிச்சையிலும் இல்லை, சேர்க்கையில் இருக்கிறது. மருந்துகளின் பொருத்தம் என்பதும் இதுவே. ‘இந்த மருந்து நல்லதா?’ என்பது மருத்துவரின் கேள்வி. ‘இந்த மருந்து, இந்த நீரில், இந்தச் செறிவில், இந்தக் குழாயில், இதற்கு முன்னே சென்ற மருந்தை அடுத்துச் செல்லலாமா?’ என்பது செவிலியரின் கேள்வி.

ஃபெனிட்டாயின் நீரில் எளிதில் கரையாது. அது ஒரு மென் அமிலம். ஆகவே அதைச் சோடியம் உப்பாக்கி, புரொப்பிலீன் கிளைக்கால், சிறிது சாராயம் ஆகியவற்றோடு சேர்த்து, பி.எச். 12 அளவுக்குக் காரத்தன்மை ஊட்டிக் கரைத்து வைத்திருக்கிறார்கள். டெக்ஸ்ட்ரோஸ் நீரோ சற்றுப் புளிப்பானது, அதன் பி.எச். பெரும்பாலும் 4ஐ ஒட்டியது. காரம் தணிந்ததும் மருந்து தன் கரையா வடிவத்திற்குத் திரும்பிப் படிகமாய் வெளிவருகிறது. நம் ஆய்வுக்கூடத்தில் நாமே அமிலம் சேர்த்து வீழ்படிவு உண்டாக்குகிறோமே, அதே வினைதான். இங்கே சோதனைக் குழாய் மனிதனுடைய சிரை.

உப்பு நீரிலும் இம்மருந்து நெடுநேரம் நிலைப்பதில்லை. எனவே கலந்தவுடன் ஏற்றிவிட வேண்டும். குழாயில் நுண்வடிகட்டி வேண்டும். ஆனால் அவசரமும் ஆகாது. பெரியவர்களுக்கு நிமிடத்திற்கு 50 மில்லிகிராமுக்கு மேல் செலுத்தினால் இரத்த அழுத்தம் வீழும். இதயத் துடிப்பு தடுமாறும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற கணக்கில் 60 கிலோ எடையுள்ளவனுக்கு 1,200 மில்லிகிராம். ஆகவே குறைந்தது 24 நிமிடம். செவிலியர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றதன் பொருள் எனக்குப் பின்னரே விளங்கிற்று. இத்தொல்லையைத் தவிர்க்கவே ஃபாஸ்ஃபெனிட்டாயின் என்ற வடிவத்தைப் பின்னாளில் உருவாக்கினார்கள். பாஸ்பேட் இணைந்திருப்பதால் அது நீரில் நன்கு கரையும். உப்பு நீர், டெக்ஸ்ட்ரோஸ் இரண்டிலும் சேரும். உடலுக்குள் சென்றபின் ஃபெனிட்டாயினாக மாறும்.

அப்படியானால் எல்லாவற்றையும் உப்பு நீரிலேயே கலந்துவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். அதுவும் ஆகாது. கருங்காய்ச்சலுக்கும் பூஞ்சை நோய்களுக்கும் தரும் ஆம்ஃபோடெரிசின் பி என்னும் மருந்து, உப்பு பட்டதும் திரண்டுவிடும். அதை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். ஒன்றுக்கு அமுதமான நீர் மற்றொன்றுக்குப் பகை. ‘வழக்கமாக இதில்தான் கலப்போம்’ என்ற பழக்கம் இங்கே வழிகாட்டியாகாது.

கால்சியத்தின் கதை

1880களில் இலண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவைத்து ஆராய்ந்தார். இதயம் நெடுநேரம் துடித்தது. பின்னர்தான் தெரிந்தது, அந்தக் கரைசலை வாலைவடி நீரில் ஆக்கவில்லை, நகரக் குழாய்நீரில் ஆக்கியிருந்தார்கள் என்பது. வாலைவடி நீரில் ஆக்கியபோது துடிப்பு விரைவில் தளர்ந்தது. குழாய்நீரில் இருந்த கால்சியமே இதயத்தைக் காத்தது என்று 1883இல் வெளியிட்டார். 1930களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் அதனோடு லாக்டேட்டைச் சேர்த்தார். அதுவே இன்றைய ரிங்கர் லாக்டேட். லிட்டருக்கு ஏறத்தாழக் கால் கிராம் கால்சியம் குளோரைடு அதில் உண்டு.

இதயத்தைக் காத்த அதே கால்சியம், செஃப்ட்ரையாக்சோன் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியோடு சேர்ந்தால் கரையாத படிவாகிறது. பச்சிளங் குழந்தைகள் சிலர் இவ்விரண்டும் பெற்று இறந்தனர். அவர்களுடைய நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் அப்படிவு காணப்பட்டது. சிலருக்கு இரண்டும் வெவ்வேறு குழாய்களில், வெவ்வேறு நேரங்களில் சென்றிருந்தும் இது நேர்ந்தது. 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்து, 2009இல் அதைத் திருத்தியமைத்தது. பிறந்து 28 நாட்கள் வரையுள்ள குழந்தைகளுக்குக் கால்சியம் கலந்த நீர்மம் சென்றுகொண்டிருந்தாலோ, செல்ல வேண்டியிருந்தாலோ செஃப்ட்ரையாக்சோன் கூடாது. அதற்கு மேற்பட்ட வயதினருக்கு இரண்டையும் ஒருசேரச் செலுத்தலாகாது. ஒன்று முடிந்து, குழாயைத் தக்க நீரால் நன்கு கழுவியபின் மற்றொன்று செல்லலாம்.

என் தோழனுக்கு மூளை உறையில் தொற்று என்று கண்டு, அந்த இரவே செஃப்ட்ரையாக்சோன் தொடங்கினார்கள். மறுநாள் காலை அவனுக்கு ஓடியது ரிங்கர் லாக்டேட். அடுத்த வேளை மருந்துக்கு நேரமானதும் பகல் பணிச் செவிலியர் அதை நிறுத்தினார், கழுவினார், உப்பு நீரில் மருந்தைக் கொடுத்தார், மீண்டும் கழுவினார், பிறகே பழைய பாட்டிலைத் திறந்தார். இம்முறை நான் முணுமுணுக்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாத பகை

கலங்கினால் கெட்டது, தெளிவாயிருந்தால் நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? அதுதான் பெரிய ஆபத்து.

முதலில் கண்ணின் எல்லையை அறிவோம். வெறுங்கண்ணுக்கு ஒரு துகள் புலப்பட ஏறத்தாழ 50 மைக்ரான் அளவு வேண்டும். நுரையீரலின் நுண்குழாயோ 10 மைக்ரான்கூட இராது. நாம் காணாத துகளும் அங்கே அடைப்பாகும். 1994இல் அமெரிக்காவில் சிரைவழி உணவுக் கலவை பெற்ற இருவர் இறந்தது பற்றி எச்சரிக்கை வெளியாயிற்று. அக்கலவையில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிந்திருந்தன. கொழுப்புக் குழம்பு கலந்ததனால் கலவை பால்போல் வெண்மையாக இருக்கும். அந்த வெண்மை படிவை மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, துகளே தோன்றாமல் மருந்து சாவதும் உண்டு. இதயம் நின்றவருக்கு உயிர்ப்பூட்டும்போது அட்ரினலின், சோடியம் பைகார்பனேட், கால்சியம் என மூன்றும் ஒரே வழியில் செல்ல நேரலாம். கால்சியமும் பைகார்பனேட்டும் சந்தித்தால் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணக்கட்டி! இது கண்ணுக்குத் தெரியும். ஆனால் பைகார்பனேட்டின் காரத்தில் அட்ரினலின் சிதையும்போது உடனே ஒன்றும் தெரியாது. மருந்து சென்றதாக ஏட்டில் இருக்கும். வேலை செய்யும் மருந்து குறைந்திருக்கும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் இடையே உப்பு நீரால் கழுவுகிறார்கள். ஆம்பிசிலினும் டெக்ஸ்ட்ரோஸில் விரைவாக வீரியம் இழக்கும்.

மூன்றாவது பகை பாட்டிலும் குழாயுமே. நைட்ரோகிளிசரின் என்ற இதய மருந்தைப் பி.வி.சி. பிளாஸ்டிக் உறிஞ்சிக்கொள்ளும். இன்சுலின் குழாயின் உட்சுவரில் ஒட்டும். எனவே நோயாளிக்கு இணைக்குமுன் அக்கலவையில் சிறிதைக் குழாய்வழி ஓடவிட்டுக் கொட்டிவிடுவதுண்டு.

இரத்தம் ஏற்றும்போதோ கண்டிப்பு இன்னும் மிகுதி. அதே குழாயில் உப்பு நீர் தவிர வேறெதுவும் கூடாது. டெக்ஸ்ட்ரோஸ் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இரத்தம் உறையாதிருக்கச் சேர்த்த சிட்ரேட்டை ரிங்கர் லாக்டேட்டின் கால்சியம் பிணைத்துவிட்டால் உறைகட்டி உண்டாகலாம்.

செவிலியர் சரிபார்க்கும் முறை

செவிலியர் கல்லூரித் தோழியரும் தோழர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், பெரிய மருத்துவமனைகளில் கையாளும் முறையைச் சுருக்கித் தருகிறேன். அவரவர் மருத்துவமனையின் எழுதப்பட்ட விதியே முடிவானது.

1. ஓடிக்கொண்டிருப்பது என்ன? பிறர் வாய்ச்சொல்லை ஏற்காது, பெயர்ச்சீட்டைத் தாமே படிக்க வேண்டும். பாட்டிலில் பிறகு சேர்த்த பொட்டாசியம் போன்றவற்றையும் பார்க்க வேண்டும்.

2. மருந்தைக் கரைப்பது எதில், மேலும் நீர்ப்பது எதில்? இவ்விரண்டும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை. மருந்துப் பெட்டியிலுள்ள குறிப்புத்தாள் முதற்சான்று.

3. எங்கே சந்திக்கின்றன? ஒரே பாட்டிலில் மணிக்கணக்கில் சேர்ந்திருப்பது வேறு; ‘ஒய்’ வடிவ இணைப்பில் சில நிமிடம் உடன் ஓடுவது வேறு. ஒன்றுக்கு உரிய விடையை மற்றொன்றுக்குக் கொள்ளலாகாது.

4. நூல் என்ன சொல்கிறது? லாரன்ஸ் டிரிசல் தொகுத்து 1977இல் முதற்பதிப்பாக வந்த ஊசிமருந்துக் கையேடு உலகெங்கும் வழக்கில் உள்ளது. இன்று கணினியிலும் அத்தகைய அட்டவணைகள் கிடைக்கின்றன. அவற்றில் ‘சேரும்’ என்றிருந்தாலும், எந்தச் செறிவில், எந்த நீரில் சோதித்தது என்று பார்க்க வேண்டும். ‘தகவல் இல்லை’ என்றிருந்தால் அதற்குச் ‘சேரும்’ என்று பொருளன்று; தனியே செலுத்து என்று பொருள்.

5. ஐயமிருந்தால்? மருந்தாளுநரைக் கேட்க வேண்டும். வேறு வழி, வேறு நேரம், இடையே கழுவுதல் என்ற மூன்றில் ஒன்று பெரும்பாலும் கைகொடுக்கும்.

6. குழாயில் கலங்கலோ துகளோ நிறமாற்றமோ கண்டால்? உடனே நிறுத்துக. குழாயிலுள்ளதைக் கழுவி உள்ளே தள்ளிவிடாதீர். குழாயை நீக்கி, நோயாளியைக் கவனித்து, மருத்துவருக்குத் தெரிவித்து, பாட்டிலையும் குழாயையும் ஆய்வுக்காக எடுத்து வைக்கவும்.

நமக்கு உரியது

செவிலியர் அல்லாத நமக்கு இதில் என்ன வேலை? உண்டு. ஊரை விட்டு வந்திருக்கும் நம்மில் ஒருவர் நோயுற்றால், தாய் தந்தையர் இரயிலேறி வந்து சேர இரண்டு நாளாகிறது. அதுவரை கட்டிலருகே நிற்பவர் நாமே. அங்கே செவிலியர் கேட்கும் கேள்விக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லாதிருப்பது நம் முதற்கடமை. ‘குளுக்கோஸ்’ என்றோ ‘சேலைன்’ என்றோ சொல்வதைவிட, “தெரியவில்லை, பாருங்கள்” என்பது மேலான விடை. முன்னே கொடுத்த மருந்துச்சீட்டைப் பத்திரமாகக் கொண்டு செல்க. ‘மெதுவாக இறங்குகிறதே’ என்று குழாயின் சக்கரத்தில் கை வைக்காதீர். மருந்து தர ஐந்து நிமிடம் தாழ்ந்தால், சோம்பல் என்று முணுமுணுக்குமுன், அவர் எதையோ படித்துக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

என் தோழன் மூன்றாம் வாரம் விடுதிக்குத் திரும்பினான். இப்போது அவன் எதிர்க்கட்டிலில் அமர்ந்து இக்கட்டுரையைப் படித்து, “நான் உயிரோடிருப்பதற்கு உன் வேதியியல் காரணமில்லை என்று ஒப்புக்கொண்டாயே, அதுவே போதும்” என்கிறான். உண்மைதான். மென் அமிலம், பி.எச்., வீழ்படிவு எல்லாம் நான் அறிந்திருந்தேன். தேர்வில் எழுதியும் இருந்தேன். ஆனால் அன்றிரவு பாட்டிலைத் திருப்பிப் படித்தவர் அவர்.